கல்யாணச் சட்டைக்கு லும்பன் ஊருக்குப் போன கதை

"பரோங் வேண்டாம் பாரே. கோட்டு சூட்டு போட்டுக்கொள்கிறேன்" என்று அவன் சொன்னது மணிலாவில், கலாவ் சாலையோரம். லூனெட்டா பூங்காவை ஒட்டிய அந்தச் சாலையில்தான் கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவனும் ஒருகாலத்தில் அங்கே ஃபைலைத் தலைக்குமேல் பிடித்தபடி வெயிலில் நின்றவன். இப்போது செகண்ட் இன்ஜினியர். 'பாரே' என்பது நாம் 'மச்சான்' என்பதுபோல. ஒரே இன்ஜின் ரூமில் இரண்டு கான்ட்ராக்ட் சேர்ந்து வேலை பார்த்ததில் எனக்கு அவன் பாரே, அவனுக்கு நான் பாரே. கடலை விட்டு மணிலாவில் கரைவேலைக்கு வந்து எனக்கு ஆறு வருடம் ஆகிறது. அவன் கல்யாணத்தில் நான்தான் மாப்பிள்ளைத் தோழன்.

பரோங் தகாலோக் என்பது பிலிப்பைன்ஸ் ஆண்களின் விசேஷ உடை. தகாலோக் மக்களின் சட்டை என்றுதான் பெயருக்கே அர்த்தம். உள்ளே இருப்பது தெரிகிற அளவு மெல்லிய துணி, நீளக் கை, நெஞ்சில் பூவேலை. கால்சட்டைக்குள் செருகாமல் வெளியேதான் விடவேண்டும். பக்கவாட்டில் சிறு வெட்டு இருக்கும், பை இருக்காது. உள்ளே 'கமிசா தே சீனோ' என்ற காலரில்லாத வெள்ளைச் சட்டை, கீழே கறுப்புக் கால்சட்டை. நம் ஊர்க்காரர்களுக்கு விருதின் பெயரால் தெரிந்த ரமோன் மகசேசே, 1953 டிசம்பர் 30 அன்று அதிபராகப் பதவியேற்றபோது பரோங்தான் போட்டிருந்தார். அதற்குமுன் பதவியேற்ற அதிபர்கள் கோட்டு சூட்டில்தான் நின்றார்கள். 1996இல் பிலிப்பைன்ஸின் சூபிக்கில் ஏபெக் எனும் ஆசிய-பசிபிக் நாடுகளின் பொருளாதார மாநாடு நடந்தபோது வந்திருந்த நாட்டுத் தலைவர்கள் எல்லாரையும் பரோங் போடவைத்துப் படமெடுத்தார்கள்.

அப்படிப்பட்ட சட்டையை மாப்பிள்ளையே வேண்டாம் என்கிறான். வெயிலா, செலவா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் சொன்னான்: "அப்பாவைக் கடைசியாக அதில்தான் பார்த்தேன்."

எனக்கு உடனே புரிந்தது. அவன் அப்பா இறந்தபோது அவன் கப்பலில் இருந்தான். பிலிப்பைன்ஸில் துஷ்டி வீட்டில் பல நாள் காத்திருப்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வந்துசேர வேண்டுமே. அடுத்த துறைமுகத்தில் இறங்கி, விமானம் பிடித்து, ஆறாவது நாள் வீட்டு வாசலுக்கு வந்தான். கூடத்தில் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் அப்பா பரோங்கில் படுத்திருந்தார். இங்கே ஆண்களுக்குக் கடைசி உடையும் பெரும்பாலும் அதுதான்.

அதற்குமேல் நான் எதுவும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து அவன் அம்மா எனக்குப் போன் செய்தார். நானும் அவரை நானாய் என்றுதான் கூப்பிடுவேன், அம்மா என்று அர்த்தம். "அவனிடம் ஒன்று சொல்லு. அது சாவுக்கு வாங்கிய சட்டை இல்லை. எங்கள் கல்யாணத்துக்குத் தைத்தது. அதைப் போட்டுக்கொண்டு அவர் முதலில் என்னைத்தான் பார்க்க வந்தார்" என்றார்.

எங்கள் பரமக்குடிப் பக்கம் கூறைப் புடவையை அந்துருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருப்பார்கள். சுமங்கலியாகப் போனால் அதையே உடுத்தி அனுப்புவார்கள். என் பெரியம்மாவுக்கு அப்படித்தான் செய்தார்கள். அதற்காகக் கல்யாணத்துக்குக் கூறைப் புடவை வேண்டாம் என்று எந்தப் பெண்ணும் சொன்னதில்லை. இதை அவனிடம் சொன்னேன். நானாய் சொன்னதையும் அப்படியே சொன்னேன். "சரி, பார்ப்போம்" என்றான். அது போதுமாக இருந்தது.

முதலில் மணிலாவில் ஒரு கடைக்குப் போனோம். நல்ல விளக்கு, கண்ணாடி, குளிர்சாதனம். பீன்யா வேண்டும் என்று கேட்டதும் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார்கள். பீன்யா என்பது அன்னாசி இலையின் நாரில் நெய்த துணி. பரோங்குக்கு அதைவிட உசந்த துணி கிடையாது. விலை 25,000 பெசோ என்றார்கள். அவன் கையைப் பையில் விடப்போனான். நான் துணியைத் தொட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அப்பா தறி வைத்திருந்தார். பதினெட்டு வயதுவரை நெடுக ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் பார்த்து வளர்ந்த கை இது. துணி வழவழவென்று இருந்தது. ஒரே சீரான இழை, எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி மினுமினுப்பு. இலையிலிருந்து எடுத்த நாருக்கு இந்தச் சீர் எங்கிருந்து வரும்?

தையல் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பிசிறை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கொடுத்தார்கள். வெளியே நடைபாதைக்கு வந்து லைட்டரில் காட்டினோம். இழை சுருங்கி, உருகி, கடுகு மாதிரி கறுப்பாக உருண்டுகொண்டது. பாலியெஸ்டர். அன்னாசி நார் தாவர நார்தானே, அது காகிதம் எரிகிற மாதிரி எரிந்து சாம்பலாகும். பட்டாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வரும். நூல் வாங்கும்போது அப்பா செய்கிற சோதனை இது, எந்த ஊர்த் துணிக்கும் பொருந்தும். கடைக்குள் திரும்பிப் போய்ச் சண்டை எதுவும் போடவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். ஆனால் எனக்கு மனது ஆறவில்லை. ஒரு மாலுமி ஏழெட்டு மாதம் மண்ணைப் பார்க்காமல் சம்பாதித்த காசு அது.

துணி வகையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாறுவது இங்கேதான். பீன்யா தனியாகவும் நெய்வார்கள், பட்டு கலந்தும் நெய்வார்கள். கலந்ததற்குப் பெயர் பீன்யா-செடா. பெரும்பாலும் பாவு பட்டு, ஊடை அன்னாசி நார். அடுத்தது ஹூசி. சீனர்கள் கச்சாப் பட்டைச் சொல்லும் பேரிலிருந்து வந்த சொல் அது. இன்றைக்கு ஹூசி என்று விற்பதில் பெரும்பகுதி மில்லில் நெய்த பட்டு அல்லது செயற்கை இழைதான். அதுவும் மோசமில்லை, ஹூசி என்று சொல்லி அந்த விலைக்கு விற்றால் தாராளமாக வாங்கலாம். மாப்பிள்ளையோடு நிற்கிற தோழர்களுக்கு அது போதும். நானே அதைத்தான் போட்டேன். ஆர்கன்சா என்ற மெல்லிய துணியில் செய்தவை மணிலாவின் திவிசோரியா சந்தையில் மலிவாகவே கிடைக்கும், அதிலும் குற்றமில்லை. ஒன்றின் பெயரைச் சொல்லி இன்னொன்றை விற்பதுதான் குற்றம்.

அசல் பீன்யா எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது காலிபோவில். போராக்காய் தீவுக்குப் போகிற பலர் விமானத்தில் வந்து இறங்கும் ஊர் அது, அக்லான் மாகாணத்தின் தலைநகர். எல்லாரும் வேன் பிடித்து நேராகக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். ஒரு விடுமுறையில் நான் அங்கேயே ஒரு நாள் தங்கி நெசவுக்கூடம் ஒன்றைப் பார்த்தேன். நாம் சாப்பிடுகிற டின் அன்னாசிப் பழத்தின் இலை இதற்கு ஆகாது. 'ரெட் ஸ்பானிஷ்' என்ற வகையின் நீளமான இலை வேண்டும். இலையைப் பலகையில் வைத்து முதலில் உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் சுரண்டுகிறார்கள். பச்சைத் தோல் போய் முரட்டு நார் வருகிறது. அதை எடுத்தபிறகு தேங்காய்ச் சிரட்டையால் மெதுவாகச் சுரண்டினால் அடியில் இருக்கும் மெல்லிய நார் வருகிறது. அந்த மெல்லியதற்கு லினிவான் என்று பெயர். நல்ல பரோங்குக்கு அதுதான். கழுவி, காயவைத்து, சீவி எடுத்தால் தலைமுடியைப்போல மெலிதாக இருக்கிறது.

அதற்கடுத்துப் பார்த்ததைத்தான் என்னால் மறக்கமுடியவில்லை. ஓர் அம்மா சன்னலோரம் உட்கார்ந்து ஒரு நாரின் நுனியையும் அடுத்த நாரின் நுனியையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறார். நீட்டிய வாலை வெட்டி எறிகிறார். அடுத்தது. மறுபடி அடுத்தது. பருத்தியைப்போல இதை நூற்க முடியாது. இலை எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் நார். நெசவுக்கு நூல் வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக முடிந்துதான் ஆகவேண்டும். எங்கள் வீட்டில் ஒரு பாவு முடிந்து அடுத்ததைப் பிணைக்கும் நாளில் அம்மாவும் அத்தையும் தறிக்கடியில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான இழைகளைப் பிணைப்பார்கள். அன்று சாயந்தரம் இருவருக்கும் கழுத்து திரும்பாது. அது ஒரு பாவுக்கு ஒருமுறை. இங்கே துணியின் ஊடை முழுவதுமே முடிச்சு. அசல் பீன்யாவை வெளிச்சத்தில் பிடித்தால் அங்கங்கே சின்னச் சின்னப் புள்ளியாகத் தெரிவது அந்த முடிச்சுகள்தான். அதைப் பார்த்துக் குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டாம். அக்லானின் இந்தப் பீன்யா கைத்தறி நெசவை 2023 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. செய்தியைப் படித்தபோது அந்த அம்மாவின் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன.

சரி, லும்பனுக்கு வருவோம்.

துணி அக்லானில் நெய்தாலும் பூவேலைக்குப் பேர்போன ஊர்கள் வேறு. ஒன்று படாங்காஸ் மாகாணத்துத் தால், இன்னொன்று லகுனா மாகாணத்து லும்பன். பாரேயின் ஊர் லகுனாவில் ஏரிக்கரையில் இருந்ததால் லும்பன் பக்கம். நானாய்க்கும் அங்கே ஆள் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பினேன். கலம்பா, லோஸ் பான்யோஸ் தாண்டி, வழியில் நானாயையும் அவனையும் ஏற்றிக்கொண்டு, சாந்தா க்ரூஸ், பக்சன்ஹான் வழியாகப் போனோம். கல்யாணப் பெண்ணுக்கு அன்று வேலை நாள். ஆனால் தன் கவுனின் துணியில் விரலளவு ஒரு துண்டு வெட்டி உறையில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தாள். கெட்டிக்காரி. பீன்யாவின் இயல்பான நிறம் வெள்ளை இல்லை, வெண்ணெய் கலந்த தந்தம். பளீரென்ற வெள்ளைக் கவுனுக்குப் பக்கத்தில் வைத்தால் அழுக்குப்போலத் தெரியும் அபாயம் உண்டு. அவள் கவுனும் தந்த நிறம்தான் என்பதால் பொருந்தியது. கல்யாணப் பரோங் எடுக்கப் போகிற யாராக இருந்தாலும் பெண் வீட்டுத் துணியில் ஒரு துண்டு இல்லாமல் போகாதீர்கள்.

லும்பனில் சாலையோரம் வரிசையாகப் பரோங் கடைகள். நானாய் எதிலும் நிற்கவில்லை. சந்துக்குள் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். அறுபது வயதுக்குமேல் இருக்கும் ஓர் அம்மா, திறந்த கதவுக்குப் பக்கத்தில் பஸ்திதோர் என்ற மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டித் தைத்துக்கொண்டிருந்தார். துணிமேல் நீலக் கோடுகளாகக் கோலம் இருந்தது. தாளில் ஊசியால் துளை போட்டு, மேலே சாயத்தைத் தேய்த்து இறக்கிய கோலம். வேலை முடிந்து அலசினால் போய்விடுமாம்.

அவர் அப்போது செய்துகொண்டிருந்தது காலாடோ. இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். முதலில் துணியிலிருந்து சில இழைகளை ஊசிமுனையால் நெம்பி உருவி எடுத்துவிடுகிறார். பாவிலும் கொஞ்சம், ஊடையிலும் கொஞ்சம். அந்த இடம் சன்னல் கம்பிபோல ஆகிறது. மிச்சம் நிற்கும் இழைகளைச் சேர்த்துச் சேர்த்து நூலால் சுற்றிக் கட்டினால் வலையாகிவிடுகிறது. நெய்தவனின் மகனாக அதைப் பார்க்க எனக்கு முதலில் வயிற்றைப் பிசைந்தது. யாரோ முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டுச் செய்த இழையை இவர் உருவுகிறாரே என்று. உருவிய இடத்தில் பூ எழும்பி வந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. ஓர் இழை தவறி அறுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஓரத்தில் எடுத்துவைத்திருந்த பழைய இழையைக் காட்டினார். அதையே கோத்து இட்டு நிரப்புவாராம்.

கைவேலையா, கம்ப்யூட்டர் மிஷின் வேலையா என்று கண்டுபிடிக்கத் துணியைத் திருப்பிப் பாருங்கள். மிஷின் வேலையில் பின்பக்கம் அடிநூல் ஒரே சீராக ஓடும், பூவின் கனம் துணியை இழுத்துச் சுருக்கும். கைவேலையில் பின்பக்கமும் ஏறக்குறைய முன்பக்கம் மாதிரியே இருக்கும், பூவுக்குப் பூ கடுகளவு வித்தியாசம் இருக்கும். என் அபிப்பிராயம் இதுதான்: நெஞ்சு, கை, முதுகு என்று நிறைய மிஷின் வேலை செய்த சட்டையைவிட, நெஞ்சில் மட்டும் அளவாகக் கைவேலை செய்த சட்டை நூறு மடங்கு மேல். கையில் இருக்கும் காசை முதலில் துணியில் போடவேண்டும், அடுத்துக் கைவேலையில். மிச்சம் இருந்தால் கஃப் பொத்தானில். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கழுத்திலிருந்து நெஞ்சு நெடுக இறங்கும் பூவேலைப் பகுதிக்குப் பெச்செரா என்று பேர். அதில் என்ன கோலம் போடுவது என்ற பேச்சு வந்தபோது பாரே பர்ஸிலிருந்து ஒரு படத்தை எடுத்தான். நாங்கள் இருவரும் எதிர்பார்க்கவில்லை. அப்பா, அம்மாவின் கல்யாணப் படம். ஓரங்கள் மஞ்சளாகியிருந்தன. "இதே மாதிரி வேண்டும்" என்றான். பரோங்கே வேண்டாம் என்றவன்.

அந்த அம்மா படத்தை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார். விரலால் கோட்டைத் தொடர்ந்தார். கொடி, இலை, நடுவில் காலாடோ. போடலாம், இரண்டு வாரத்தில் தாளில் வரைந்து தருகிறேன் என்றார். நான் சந்தோஷப்பட்டேன். முடிந்தது என்று நினைத்தேன்.

நானாய்தான் வேண்டாம் என்றார். "அது அவருடையது. அவர் கொண்டுபோய்விட்டார். உனக்கு வேறே போடு."

அவன் ஏதோ சொல்ல வந்தான். நானாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். தகாலோகில் தாழ்ந்த குரலில் என்னென்னவோ பேசினார்கள். எனக்கு முழுசாகப் புரியவில்லை, புரிந்துகொள்ள முயலவுமில்லை. வாசல் பக்கம் போய் நின்றேன். திரும்பி வந்தபோது சம்பகீத்தா என்று முடிவாகியிருந்தது. பிலிப்பைன்ஸின் தேசியப் பூ. எங்களுக்கு அது வேறு பூவே இல்லை, குண்டுமல்லிதான். மதுரை மல்லிக்கும் அதற்கும் தாவரப் பெயர்கூட ஒன்று. எங்கள் ஊரில் கல்யாணமென்றால் முதலில் சொல்லிவைப்பது அந்தப் பூவைத்தான் என்றேன். நானாய் சிரித்தார். மொட்டு கொஞ்சம், மலர்ந்தது கொஞ்சம், இடையிடையே மெல்லிய காலாடோ பட்டை. கையிலும் முதுகிலும் ஒன்றும் வேண்டாம்.

விலை சொன்னார். நான் பேரம் பேசவில்லை, அவனையும் பேச விடவில்லை. பீன்யா-செடா துணியும் வேலையும் சேர்த்து அந்த மணிலாக் கடை கேட்டதைவிடக் கொஞ்சம் கூடத்தான். ஒரு சேலைக்குக் கூலி பேசும்போது என் அப்பாவின் முகம் எப்படி ஆகும் என்று பார்த்தவன் நான். கைத்தொழில்காரர் தன் வேலைக்கு ஒரு விலை சொன்னால் முடிந்தால் கொடுக்கவேண்டும், முடியாவிட்டால் கும்பிட்டுவிட்டு வரவேண்டும். குறைத்துக் கேட்பதில் எனக்குச் சம்மதமில்லை.

கப்பல்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இன்றைக்கு அளவெடுத்துவிட்டு ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தால் உடம்பு அதே அளவில் இருக்காது. லும்பனில் இதற்கு எளிய வழி இருக்கிறது. பூவேலை முதலில் வெட்டாத துணியில்தான் நடக்கும். வெட்டித் தைப்பது கடைசியில். அதனால் அவன் கடலில் இருந்த மாதங்களில் சம்பகீத்தா மலர்ந்தது, கரைக்கு வந்த வாரத்தில் அளவெடுத்தார்கள். தளர்வான சட்டை என்பதால் வயிறு கூடக்குறைய இருந்தாலும் சமாளிக்கலாம். தோளும் கழுத்தும்தான் துல்லியமாக வேண்டும். தோள் தையல் எலும்பைத் தாண்டி இறங்கினால் எவ்வளவு நல்ல துணியும் கடன் வாங்கிய சட்டைபோல ஆகிவிடும். நீளம் பின்பக்கத்தை மூடவேண்டும், அதற்குமேல் இறங்கக்கூடாது.

பரோங் ஏன் வெளியே விடப்படுகிறது, ஏன் உள்ளே தெரிகிறது என்பதற்கு இங்கே எல்லாரும் ஒரு கதை சொல்வார்கள். ஸ்பானியர்கள் ஆண்டபோது, உள்ளூர்க்காரர் ஆயுதம் ஒளித்துவைக்கக்கூடாது என்று மெல்லிய துணி போடவைத்தார்கள், கீழானவர்கள் என்று காட்டச் சட்டையைச் செருகக்கூடாது என்று சட்டம் போட்டார்கள் என்று. நானும் பல வருடம் நம்பினேன். அளவெடுக்கக் காத்திருந்தபோது நானாய் அதைச் சொன்னார், அந்தப் பூவேலைக்கார அம்மா தலையை ஆட்டி மறுத்தார். அப்புறம் படித்துப் பார்த்ததில் அவர் சொன்னதுதான் சரி. அப்படி ஒரு சட்டம் இருந்ததற்கு ஆவணமே இல்லை என்கிறார்கள் வரலாறு எழுதுபவர்கள். ஓவியர் டாமியான் டொமிங்கோ 19ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் வரைந்த நீர்வண்ணப் படங்களைப் பாருங்கள். வசதியான ஆண்கள் கலர் கலரான கோடு போட்ட சட்டையை வெளியே விட்டுக்கொண்டு, தலையில் உயரத் தொப்பி வைத்துக்கொண்டு, கம்பீரமாக நிற்கிறார்கள். அடிமை உடை என்றால் பணக்காரன் ஏன் இருப்பதிலேயே விலை கூடிய துணியில் அதைத் தைத்துக்கொள்கிறான்? புழுங்குகிற ஊரில் சட்டையை வெளியே விடுவதற்குக் காரணம் வேறு வேண்டுமா? தன் நாட்டு ஆள் தானே விரும்பி நெய்து, தானே விரும்பிப் போட்ட சட்டை இது என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்திருப்பது நல்லது. பாரேயிடம் இதை விலாவாரியாகச் சொன்னேன். அப்பாவும் அந்த ஆயுதக் கதையைத்தான் சொல்வார் என்றான்.

கல்யாணம் ஜனவரியில், அவர்கள் ஊர்த் தேவாலயத்தில். காலையில் உடுத்திவிட்டது நானும் அவன் தம்பியும். முறையான பரோங் பலவற்றில் பொத்தான் நெஞ்சு பாதிவரைதான், தலைவழியாகப் போடவேண்டும். அதனால் முடிக்கு எதுவும் பூசும்முன் சட்டை. அதற்கும் முன்னால் இருவரும் கை கழுவித் துடைத்துக்கொண்டோம். கமிசா தே சீனோவின் பின்கழுத்தில் கம்பெனிச் சீட்டு இருந்தது. பீன்யாவுக்குள் அதன் எழுத்துகூடத் தெரிந்தது, பிரித்து எடுத்தேன். கால்சட்டைப் பையில் போனோ சாவியோ வைக்க விடவில்லை. இந்தத் துணி எதையும் மறைக்காது. போட்டு முடித்ததும் கண்ணாடியில் தன்னைப் பார்த்தான். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தான். பிறகு திரும்பி, "போகலாமா?" என்றான்.

தேவாலயத்தில் என் கண்ணெல்லாம் குண்டூசியில் இருந்தது. இங்கே கத்தோலிக்கக் கல்யாணத்தில் ஒரு நீள வெள்ளைத் துணியை மணமகள் தலையிலும் மணமகன் தோளிலும் சேர்த்துக் குத்துவார்கள். அதன்மேல் எட்டுபோல் மடித்த கயிற்றை இருவர் தோளிலும் போடுவார்கள். தோளில் தையல் இரண்டு மடிப்பாக வரும் இடத்தில் குத்துங்கள் என்று முதல்நாளே சொல்லிவைத்திருந்தேன். அப்படியே செய்தார்கள். 13 காசுகளை அவன் அவள் கையில் கொட்டியபோது கை நடுங்கியது, கஃப்பின் கீழ் மணிக்கட்டு நரம்பு துடிப்பதுகூட அந்தத் துணிக்குள் தெரிந்தது.

விருந்தில்தான் பெரிய சோதனை. மாப்பிள்ளையும் பெண்ணும் ஆடும்போது உறவுக்காரர்கள் வரிசையாக வந்து அவர்கள் உடையில் பெசோ நோட்டுக் குத்துவது வழக்கம். சிலர் இப்போது ரிப்பன் மாலையில் குத்தவைக்கிறார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். நானாய் கேட்கவில்லை. மேலே குத்தினால்தான் ஆசீர்வாதம் என்றார். புதிதாக, மிக மெல்லிய குண்டூசியாக ஒரு பெட்டி வாங்கிவைத்திருந்தார். ஊதா நூறும் மஞ்சள் ஐந்நூறும் நீல ஆயிரமுமாக அவன் முதுகும் கையும் நிறைந்தன. பழைய கப்பல் தோழர்கள் நோட்டோடு நோட்டைக் கோத்து வால்போலத் தொங்கவிட்டார்கள். ஒவ்வொரு குத்துக்கும் எனக்கு உள்ளே சுருக்கென்றது. நெஞ்சுப் பூவில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை. நானாய் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டார்.

இரவு பத்து மணிக்குமேல் வீட்டுக்கு வந்தோம். கூடத்தில், அவர் கணவரின் பெட்டி வைத்திருந்த அதே கூடத்தில், மேசைமேல் வெள்ளைத் துண்டு விரித்து அதன்மேல் பரோங்கைப் பரப்பினார் நானாய். மிச்சம் இருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிப் பெட்டியில் போட்டார். பிறகு சட்டையைத் தூக்கி டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்தார். முதுகில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் இழை விலகிப் புள்ளிப் புள்ளியாக வெளிச்சம் வந்தது. அறுந்ததா, விலகியதா என்று நான் குனிந்து பார்த்தேன். விலகியதுதான்.

நானாய் சட்டையைத் திரும்ப மேசைமேல் வைத்தார். சுட்டுவிரலை நாக்கில் தொட்டு லேசாக ஈரமாக்கிக்கொண்டு, முதல் புள்ளியில் நகத்தால் மெல்ல நீவினார். மேலிருந்து கீழே இரண்டு தடவை, குறுக்கே இரண்டு தடவை. இழைகள் நகர்ந்து வந்து சேர்ந்துகொண்டன. எங்கள் அம்மா நெய்த சேலையில் செய்வது அப்படியேதான். நான் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து இடது தோள் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.